துடக்குப்படாத சவுக்காரம்

பாப்பாமோட்டையில் சீவரத்தினத்தின் வீடு எது என்று கேட்டால் பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். சவுக்காரத்தின் வீடு எது என்று கேட்டால் நண்டு சிண்டுகூடக் கையைக் காட்டும். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வயலும் மாடும் உள்ளவன். விடிந்தால் கூலிக்கு அவனிடம்தான் போய் நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் தாராளமாகச் சொன்னார்கள்.

அந்தப் பட்டம் சண்டைக் காலத்தில் வந்தது. மன்னார்த் தீவு இராணுவத்தின் கையில் இருந்தது, பெருநிலத்து ஊர்கள் இயக்கத்தின் கையில். நடுவே சோதனைச் சாவடி. மண்ணெண்ணெய், பற்றரி, சவுக்காரம் எதுவுமே அதைத் தாண்டி லேசில் வராது. ஊர்ச் சனம் பனம்பழத்தைப் பிழிந்து அந்தக் களியில் துணி தோய்த்தது, தலையில் சீயக்காய் தேய்த்தது, மிச்சத்துக்குச் சாம்பல் என்று சமாளித்தது. சீவரத்தினத்துக்கு மட்டும் சவுக்காரம் இல்லாமல் முடியாது. ஒளித்துக் கொண்டுவருகிறவர்களிடம் சொன்ன விலைக்கு வாங்கி, நூலால் துண்டு துண்டாக அறுத்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தான். அவன் குளித்துவிட்டு வந்தால் வீட்டுக்கு முன்னால் ஒழுங்கை முழுக்க மணக்கும். பெண்சாதி சிவலட்சுமிக்குப் பனங்களிதான்.

யாராவது ஒழுங்கையில் காறித் துப்பியிருந்தால் அவன் வேலியைச் சுற்றிப் போவான். கலியாண வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டான். மீன் சாப்பிடுவான், ஆனால் சிவலட்சுமி மீன் வெட்டுகிற பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டான். ஊரில் சிலர் இதைச் சுத்தம் என்று மெச்சினார்கள். நல்ல சுத்தம்! சுத்தக்காரன் என்றால் ஊத்தையைக் கண்ட இடத்தில் கழுவ வேண்டாமா? இவன் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்புவான், கழுவுவதற்கு வேறு யாராவது வர வேண்டும்.

கலியாணம் முடித்துப் பல வருடம் கழித்து, இரண்டு தரம் கரு கலைந்து, மூன்றாம் தரம்தான் சிவலட்சுமிக்கு வயிறு நிலைத்தது. தீவுக்குக் கொண்டுபோய்ப் பெரியாஸ்பத்திரியில் விடுவதாகத்தான் யோசனை. அவளுக்கு வயிற்றுக் குத்துத் தொடங்கிய அன்று காலையிலிருந்தே பீரங்கிச் செல் விழுந்துகொண்டிருந்தது, பாதை பூட்டு. மருத்துவிச்சி அன்னப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டின் பின்பக்கத்துச் சின்ன அறையில் கட்டிலில் சாக்குப் படங்கை விரித்து, பின்னேரம் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை நல்லாக அழுதது. நச்சுக்கொடிதான் முழுதாக வரவில்லை. பாதி வந்தது, பாதி உள்ளே நின்றுவிட்டது.

அன்னப்பிள்ளை வாசற்படிக்கு வந்து, முழங்கை வரை இரத்தம் வழிய நின்றுகொண்டு சொன்னாள்: "தம்பி, மிச்சத்தைக் கையை விட்டுத்தான் எடுக்க வேணும். கெதியா ஒரு சவுக்காரத் துண்டு தா. நல்லாக் கழுவிப்போட்டு எடுக்கிறன்."

சீவரத்தினம் முற்றத்து வேம்புக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கையைப் பார்க்க அவனுக்கு அருவருப்பு, ஊர்ப் பேச்சில் அரியண்டம். பிள்ளை பெற்ற அறை துடக்கு அறை, தீட்டு. அதற்குள் போன பாயும் துணியும் திரும்பி வருவதில்லை. எரிப்பார்கள், அல்லது மண்ணில் தாழ்ப்பார்கள். அப்படியென்றால் சவுக்காரம்?

"அதுக்குள்ள போன சவுக்காரத்தை நான் பிறகு என்னண்டு மேலில பூசுறது?" என்றான். "குசினிக்குள்ள சாம்பல் கிடக்கு. அதால கழுவுங்கோ."

"தம்பி, இது சாம்பலால…"

"சொன்னாக் கேளுங்கோ அன்னப்பிள்ளையக்கா. காலங்காலமாச் சாம்பலாலதானே கழுவினவை."

எங்கோ கிட்டடியில் ஒரு செல் விழுந்தது. பேச நேரமில்லை. அன்னப்பிள்ளை அடுப்புச் சாம்பலை அள்ளித் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு உள்ளே போனாள். மிச்சக் கொடியைத் துண்டு துண்டாக இழுத்து எடுத்தாள். எல்லாம் வந்துவிட்டது என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள். மறுநாள் செல்லுக்குப் பயந்து குடும்பத்தோடு மடுக்கோயில் பக்கம் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை புருசன் அந்த அறைக்குள் போவதில்லை. வழக்கம் அப்படி என்றாலும் மற்ற ஆண்கள் வாசலில் நின்றாவது பிள்ளையை எட்டிப் பார்ப்பார்கள். சீவரத்தினத்துக்கு அதுவும் ஏலாது. பிள்ளையைக் குளிப்பாட்டவும், தாய்க்கு வேதுத் தண்ணீர் வார்க்கவும், துணி அலசவும் ராக்கம்மாவை வைத்தான். அவள் மலைநாட்டுக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, பக்கத்துக் குடியேற்றத்தில் கொட்டில் போட்டு, கூலி வேலை செய்து பிழைத்தவள். மடியில் பால்குடிப் பிள்ளை ஒன்றிருந்தது. அவளைத் தன் கிணற்றுக் கட்டில் ஏற விடாத சீவரத்தினம், தன்னுடைய வீட்டு ஊத்தையை மட்டும் அவளுடைய தலையில் கட்டினான். அதில் அவனுக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

சில நாள் போயிருக்கும். மத்தியானம் அவன் சாப்பாட்டுக்குக் குந்திய நேரத்தில் ராக்கம்மா வேலியோரம் வந்து நின்றாள்.

"ஐயா, அம்மாவோட துணி ஒரு மாதிரியா நாறுதுங்க. நானும் புள்ள பெத்தவதான். இப்படி நாறாதுங்க."

"சீ! சோத்தில கை வைக்கிற நேரத்தில சொல்லுற கதையே இது? கொண்டுபோய்த் தாழ். இனி உந்தக் கதையோட என்னட்ட வராத."

அவள் போய்விட்டாள். அவன் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, அலுமாரியைத் திறந்து, சவுக்காரத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம் தரம் குளிக்கப் போனான்.

ஆனால் அந்த நாற்றம் ராக்கம்மாவோடு போகவில்லை. அடுத்தடுத்த நாள் அது அறையை விட்டு விறாந்தைக்கு வந்தது. விறாந்தையிலிருந்து குசினிக்கு வந்தது. செத்த எலியை முகட்டுக்குள் தேடுகிற மாதிரி ஒரு நாற்றம், அதோடு ஒரு தித்திப்பும் சேர்ந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. பிள்ளை பெற்ற இடம் நாறத்தான் செய்யும், பெண்களின் உடம்பே அப்படித்தான் என்று அவன் முடிவு கட்டினான். முடிவு கட்டுவதற்கு அவனுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. வாசலில் சாம்பிராணி போட்டான், வேப்பிலையைப் புகைத்தான். அறைக்குள் கிடந்தவள் புகையில் இருமினாள்.

பிறகு நடுக்கம் தொடங்கியது. கட்டில் சுவரில் முட்டி அடிக்கிற சத்தம் முற்றம் வரை கேட்டது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் யார் நடுங்கினாலும் மலேரியாதான். வீட்டுக்கு வீடு மருந்துக் குளிசைப் பேணி இருந்தது. சீவரத்தினம் ஆறுதலாக மூச்சு விட்டான். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது, அதுவும் அருவருப்பில்லாத பெயர். குளிசைகளைச் சிரட்டையில் போட்டு, நீட்டுத் தடியால் வாசலுக்குள் தள்ளிவிட்டான். தெருநாய்க்கு வைக்கிறவன்கூடக் கொஞ்சம் கிட்டப் போய் வைப்பான்.

"இஞ்சேருங்கோ," என்று உள்ளேயிருந்து சிவலட்சுமியின் குரல் கேட்டது. "ஒருக்கா உள்ளுக்கு வாங்கோவன். எனக்கு ஏலாமக் கிடக்கு."

"மலேரியாதான். குளிசையைப் போட்டிட்டுப் படும். எல்லாம் சரி வரும்."

சரி வந்த மாதிரித்தான் இருந்தது. அடுத்த நாள் நடுக்கம் நின்றது. காய்ச்சல் விட்டுவிட்டது, உடம்பு குளிர்ந்து கிடக்கிறது என்று ராக்கம்மா சொன்னாள். சீவரத்தினம் சந்தோசப்பட்டு வயலுக்குப் போனான். திரும்பி வந்தபோது அறைக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. சிவலட்சுமி, செத்துப்போன தன் தாயோடு கதைத்துக்கொண்டிருந்தாள். குளத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டது, மாட்டை அவிழ்த்துவிடு என்றாள். நடுவில் நாய் இளைப்பது போல மூச்சு வாங்கினாள். பிள்ளை வீரிட்டு அழுதது. அது தன்னுடைய பிள்ளை என்றே அவளுக்குத் தெரியவில்லை.

ராக்கம்மா இரண்டு பிள்ளைகளையும் இரண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஐயாவின் பிள்ளையும் அவளுடைய பால்தான் குடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தரம் அவள் வேலியோரம் நிற்கவில்லை. நேரே அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நேத்துலருந்து அம்மா ஒண்ணுக்குப் போகலைங்க. கை காலெல்லாம் ஐஸ் கட்டியா கெடக்கு. நீங்க உள்ள வந்து பாக்கலைன்னா நான் இனிமே இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன். செத்தா நீங்களே தூக்கிக்கங்க."

கடைசிச் சொல்தான் அவனை அசைத்தது. அவளே போய்விட்டால் அந்த அறையை யார் பார்ப்பது? துவாயைச் சவுக்காரத் தண்ணீரில் நனைத்து மூக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவையாக அவன் படியைத் தாண்டினான்.

இலையான் ஈக்கள்தான் முதலில் முகத்தில் மோதின. சிவலட்சுமியின் கண் திறந்திருந்தது, ஆனால் அவனில் படவில்லை. உதடு வெடித்துத் தோல் உரிந்து கிடந்தது. முழங்காலைச் சுற்றி ஊதா நிறத்தில் வலை விரித்த மாதிரித் தோல் நிறம் மாறியிருந்தது. நகங்கள் நாவற்பழம் தின்ற வாய் போல நீலம் பாரித்திருந்தன. வயிறு பொருமி நின்றது. இடுப்புக்குக் கீழே படங்கு நனைந்து, பழுப்பும் பச்சையுமாக ஏதோ ஊறி, ஓரத்தில் காய்ந்து பொருக்குக் கட்டியிருந்தது. நாற்றம் துவாயைத் துளைத்துக்கொண்டு வந்தது. அவன் முற்றத்துக்கு ஓடி, வேம்பைப் பிடித்துக்கொண்டு, குடல் வெளியே வருகிற மாதிரிச் சத்தியெடுத்தான்.

இவ்வளவும் பதினைந்தடி தூரத்தில் நடந்திருக்கிறது. அவன் மூன்று நேரமும் சாப்பிட்டிருக்கிறான், குளித்திருக்கிறான், உறங்கியிருக்கிறான். நினைக்க நினைக்க நமக்கே சீ என்று வருகிறது. அவனுக்கும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயம் வந்தது. இவள் செத்துப்போவாள் என்று விளங்கியது. விளங்கியும், அவளைத் தூக்கும்போது வெறும் கையால் தொடவில்லை. நெல் காயவிடுகிற சாக்குப் படங்கால் சுற்றித்தான் தூக்கினான்.

ராக்கம்மாவின் புருசன் நல்லையா உழவு மிசினைக் கொண்டுவந்தான். மிசினின் பின்பெட்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைக் கிடத்தினார்கள். தலைமாட்டில் ராக்கம்மா இரு பிள்ளைகளோடு ஏறிக் குந்தினாள். சீவரத்தினம் காற்று வருகிற பக்கமாகப் பார்த்து, முன்னுக்கு, நல்லையாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு இருந்தான். செம்மண் பாதையில் பெட்டி தூக்கித் தூக்கி அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் சிவலட்சுமி முனகினாள். பிறகு முனகலும் நின்றது. நின்ற பிறகுதான் அவன் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கினான்.

பாதை மறுபடி திறந்திருந்தது, சாவடியில் சனம் நீளத்துக்கு நின்றது. ஒரு சிப்பாய் துவக்கோடு பெட்டியண்டை வந்து படங்கைத் தூக்கினான். தூக்கிய கையோடு அப்படியே பின்னால் போய் மூக்கைப் பொத்தினான். அவனுடைய முகம் கோணிய கோணல் சீவரத்தினத்துக்கு நன்றாகத் தெரிந்த கோணல்தான். போகட்டும் என்று கையைக் காட்டுவான், தலை தப்பியது என்று சீவரத்தினம் நினைத்தான். சிப்பாய் கையைக் காட்டத்தான் செய்தான். "யன்ன, யன்ன" என்று சிங்களத்தில் போகவும் சொன்னான். ஆனால் அதற்கு முன்னால், ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டே மற்றக் கையால் அவளுடைய கண்ணிலும் வாயிலும் மொய்த்த இலையான்களை விரட்டினான். தன்னுடைய தொப்பியை எடுத்து, மிசின் நகரும்வரை அவளுடைய முகத்துக்கு வெயில் படாமல் பிடித்தான். சீவரத்தினம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் இளம் ஆள். கண்ணில் நித்திரை இல்லை. நாடியைப் பிடித்தார், பிறசரைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். இரண்டு பக்கமும் சேலைன் ஏற்றச் சொல்லிவிட்டு இவனிடம் திரும்பினார்.

"எத்தனை நாளா நாறுது?"

"கொஞ்ச நாள்… மலேரியா எண்டு நினைச்சம் ஐயா. குளிசையும் குடுத்தது. காய்ச்சலும் விட்டது."

"காய்ச்சல் விடேல்லை, உடம்பு தோத்துப் போச்சு," என்றார் டொக்டர். "உள்ளுக்குக் கொடி மிச்சம் நிண்டு அழுகியிருக்கு. அதில இருந்த கிருமி ரத்தத்தில இறங்கியிட்டுது. கிருமியை அடிக்கப் போன உடம்பு இப்ப தன்னைத்தானே அடிக்குது. ரத்தக் குழாயெல்லாம் ஒழுகுது, ரத்தம் ஓடப் போதுமான அமுக்கம் இல்லை. உள்ள ரத்தத்தை இருதயத்துக்கும் மூளைக்கும் இழுத்துக்கொண்டு கையையும் காலையும் உடம்பு கைவிட்டிட்டுது. சிறுநீர் நிண்டுபோச்சு. மூளைக்கும் காணாது, அதுதான் அலட்டுறா. ஒரு நாள் முந்திக் கொண்டந்திருந்தாலும் வேற கதை. இப்ப நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

சீவரத்தினம் துவாயால் முகத்தைத் துடைத்தான்.

"ஆர் பிள்ளைப்பேறு பாத்தது? கை கழுவித்தான் பாத்தவவோ?"

கேள்வி நேராக வந்து விழுந்தது. தாதி பிரான்சிஸ்கா பக்கத்தில் நின்றாள். தள்ளுகட்டிலில் சிவலட்சுமி கிடந்தாள். அவன் ஒரு கணமும் தயங்கவில்லை.

"ஊர் மருத்துவிச்சி ஒராள் ஐயா. எங்க கழுவினவ! ஊத்தைக் கையோடதான் உள்ளுக்கு விட்டவ."

டொக்டர் அந்த மருத்துவிச்சியைத் திட்டிக்கொண்டே சத்திர சிகிச்சை அறைக்குப் போனார். பழி எங்கோ மடுவில், மரத்துக்குக் கீழே படுத்திருந்த ஒரு கிழவியின் தலையில் இறங்கியதும் இவனுக்கு மூச்சுச் சீரானது. வெட்கம் கெட்டவன்.

கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைப் பிடித்தார்கள். பல நாள் அவள் இருக்கிறாளா இல்லையா என்றே சொல்ல முடியாமல் கிடந்தாள். முகம் ஊதி ஆள் அடையாளம் தெரியவில்லை. சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் கறுப்புத் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. வார்ட்டில் ஆள் பற்றாக்குறை. நோயாளியின் ஆட்கள்தான் எல்லாம் பார்க்க வேண்டும். ராக்கம்மாவோ இரு பிள்ளைகளோடு வெளியே மரத்தடியில். சீவரத்தினம்தான் உள்ளே நின்றான்.

முதல் நாள் மலச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கழிவறையில் அதற்குள்ளேயே சத்தியெடுத்தான். இரண்டாம் நாளும் எடுத்தான். பிறகு எடுக்கவில்லை. துடைத்தான், மாற்றினான், படுக்கைப் புண்ணில் மருந்து தடவினான். அவளுடைய கால் அசையும்போதெல்லாம் 'பிழைத்துவிடு, பிழைத்துவிடு' என்று மனதுக்குள் கெஞ்சினான், அது பொய்யில்லை. கேதீச்சரத்தானுக்குத் தீர்த்தக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டான். பிரான்சிஸ்கா மற்ற நோயாளிகளின் ஆட்களிடம், "பாருங்கோ, இப்பிடி ஒரு புருசனைக் கண்டிருக்கிறியளே?" என்று கேட்டாள். அது காதில் விழுந்தபோது அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தான் பெரிய மனிதனாகிவிட்டதாக அவனும் நம்பத் தொடங்கினான்.

காய்ச்சல் மெய்யாகவே இறங்கியது. சிறுநீர் தெளிந்தது. பிள்ளையைக் கொண்டுவந்து காட்டியபோது சிவலட்சுமியின் கண்ணில் நீர் வந்தது. விரல்கள்தான் திரும்பி வரவில்லை. வலக்கையில் மூன்று விரல், நுனியிலிருந்து நடுக் கணு வரை கறுத்துச் சுருங்கி, சுட்டுப்போட்ட விறகுக் குச்சி போலக் காய்ந்துவிட்டன. கறுப்பும் உயிர்த்தோலும் சந்திக்கிற இடத்தில் ஒரு சிவந்த கோடு. அதிலிருந்து நீர் கசிந்தது. அவற்றை வெட்டத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

வெட்டுவதற்கு முந்தின காலை பிரான்சிஸ்கா மருந்து கட்ட வந்தாள். சீவரத்தினம் கட்டிலோரம் குந்தி, பெண்சாதியின் வலக்கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திப் பிடித்திருந்தான். துணியும் இல்லை, துவாயும் இல்லை. பழைய கட்டை அவிழ்த்ததும் அந்த நாற்றம் எழும்பியது. அவன் முகத்தைத் திருப்பவில்லை.

"அந்த மருத்துவிச்சியைப் பிடிச்சு மறியல்ல போட வேணும்," என்றாள் பிரான்சிஸ்கா. "ஒரு பொம்பிளையின்ர வாழ்க்கையைப் பாழாக்கிப் போட்டாள்."

"ஓம் தங்கச்சி," என்றான் சீவரத்தினம். "கை கழுவச் சொல்லி நான் எவ்வளவு சொன்னனான்."

சிவலட்சுமி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வந்த நாளிலிருந்து தண்ணி, நோகுது, பிள்ளை என்று ஒற்றைச் சொற்களைத் தவிர அவள் எதுவும் பேசியதில்லை.

"அவ சவுக்காரம் கேட்டவ," என்றாள்.

பிரான்சிஸ்காவின் கை நின்றது.

"வாசல்ல நிண்டு கேட்டவ. இவர் குடுக்கேல்லை. துடக்குப்பட்டுப் போகுமாம், பிறகு மேலில பூச ஏலாதாம். நான் உள்ளுக்குக் கிடந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்."

சீவரத்தினத்தால் பிரான்சிஸ்காவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பெண்சாதியின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"கையை விடுங்கோ," என்றாள் சிவலட்சுமி.

"நோகுதே சிவம்?"

"இல்லை."

அந்த நாற்றத்துக்காகக் கூச்சப்படுகிறாள் என்று அவன் நினைத்தான். இன்னும் கிட்டக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஆறுதலாகச் சொன்னான்: "எனக்கு இப்ப இதெல்லாம் பழகிப்போச்சு. ஒரு அரியண்டமும் இல்லை, அப்பனாணை."

சிவலட்சுமி முதன்முறையாகத் தலையைத் திருப்பி அவனை நேரே பார்த்தாள்.

"எனக்குக் கிடக்கு," என்றாள். "நீங்கள் தொட அரியண்டமாக் கிடக்கு."

அவன் கையை விட்டான். அவள் அந்தக் கையைத் தாதியிடம் நீட்டினாள். பிரான்சிஸ்கா அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு மருந்து கட்டத் தொடங்கினாள்.